அண்ணாவுக்கு எந்தப் படிவம்?

2010 ஜனவரி 26 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தல்தான் எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் தேர்தல். 2005 இலும் ஒன்று நடந்தது என்று பிறகு படித்துத்தான் தெரியும். அந்த முறை வன்னியில் எங்கட பக்கத்தில் ஒருவரும் வாக்குப் போடவில்லை. 2010 இல் எனக்குப் பதினொரு வயது. யுத்தம் முடிந்து எட்டு மாதம். செட்டிகுளம் மெனிக் பாமில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். முதல் மாதம் டிசம்பர் ஒன்றில் இருந்துதான் முகாமை விட்டு வெளியே போய்வரலாம் என்று விட்டிருந்தார்கள்.

பத்திரிகை ஒன்று வந்தால் பத்துப் பேர் சுற்றி நின்று வாசிக்கிற காலம் அது. வெற்றிலைச் சின்னத்தில் மகிந்த ராஜபக்ச. அன்னச் சின்னத்தில் சரத் பொன்சேகா. ஒருவர் யுத்தம் நடந்தபோது முப்படைகளுக்கும் தலைவர், மற்றவர் அதே யுத்தத்தில் இராணுவத் தளபதி. மேலும் இருபது பேர் நின்றார்கள். சிவாஜிலிங்கமும் நின்றார். ஆனால் போட்டி இந்த இருவருக்கும் இடையில்தான். யுத்தம் சரியா பிழையா என்று அவர்கள் மோதவில்லை. அந்த வெற்றி யாருக்குச் சொந்தம் என்றுதான் மோதினார்கள்.

அப்பா ஒருநாள் தண்ணி வரிசையில் நின்றுகொண்டு பெரிய சத்தமாகக் கேட்டார்: "இப்ப என்ன செய்யிறது? சுடச் சொன்னவனுக்குப் போடுறதோ, சுட்டவனுக்குப் போடுறதோ?" வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அந்த முகாமில் பெரியவர்கள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது குறைவு என்பதால் அது அப்படியே மனதில் நிற்கிறது.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்கினர்தான் வாக்களித்தார்கள். அப்படி வாக்களித்தவர்களில் 113,877 பேர், ஏறத்தாழ 64 வீதம், அன்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். வன்னி மாவட்டத்தில் வாக்களிப்பு 40 வீதமளவில். அங்கும் அன்னம்தான் முன்னுக்கு. முகாமில் இருந்தவர்களில் சிலருக்கு பஸ் வந்தது, சிலருக்கு வரவேயில்லை. சிலரிடம் அடையாள அட்டையே இல்லை, அது முள்ளிவாய்க்கால் மண்ணுக்குள் போய்விட்டது. நாடு முழுக்க எண்ணி முடித்தபோது ராஜபக்ச 60 இலட்சத்துக்கு மேல் எடுத்து வென்றார். இரண்டு கிழமை கழியவில்லை, பொன்சேகாவைக் கைது செய்துவிட்டார்கள்.

தமிழர்கள் ஏன் ஒரு இராணுவத் தளபதிக்கு வாக்களித்தார்கள் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அது அன்பில் போட்ட வாக்கு இல்லை என்பதைத் தவிர அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. எனக்கு அந்தத் தேர்தலில் இருந்து வேறொரு விஷயம்தான் இன்றுவரை விடாமல் தொடர்கிறது. அந்த இரண்டு மாதமும் மேடைகளில் ஓயாமல் கேட்ட சொல் 'ரணவிரு', அதாவது போர்வீரர். ரணவிரு குடும்பங்கள், ரணவிரு தாய்மார், ரணவிருவின் பிள்ளைகள். களத்தில் விழுந்தவனின் குடும்பத்தை யார் கூட நல்லாகப் பார்ப்பார் என்பதே ஒரு போட்டியாக இருந்தது. அந்தப் பேச்சுகளின் மொழிபெயர்ப்பைப் பத்திரிகையில் வாசிக்கக் கேட்டுக்கொண்டு அம்மா ஒரு மூலையில் இருப்பா. ஒன்றும் சொல்லமாட்டா. அவவும் களத்தில் பிள்ளையைக் கொடுத்த தாய்தான். அந்த முகாமில் அதை வெளியில் சொல்ல ஏலாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

அண்ணா 1991 இல் பிறந்தவர். கணிதம் அவருக்கு நல்லா வரும். 2009 ஜனவரியில், நாங்கள் விசுவமடுவை விட்டு நகர்ந்துகொண்டிருந்தபோது, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்குப் பதினேழு வயது. வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கிய கட்டாய ஆட்சேர்ப்பு அந்த மாதங்களில் எப்படி நடந்தது என்பது வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். அம்மா அவர்களின் காலைப் பிடித்தா. அப்பா சைக்கிளில் பின்னால் போனார், ஒரு கட்டத்துக்கு மேல் விடவில்லை. மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் தொடக்கத்தில், ஆனந்தபுரத்தில் அண்ணா இறந்துபோனார். அவரோடு நின்ற ஒரு பெடியன் கையில் காயத்தோடு வந்து எங்கட பங்கருக்குள் இருந்து அதைச் சொன்னான். தான் கண்ணால் கண்டதாகச் சொன்னான். அம்மா அவனுக்குக் கஞ்சி கொடுத்தா.

ஆகவே எங்கட வீட்டில் துக்கமும் கோபமும் ஒன்றாகவே இருந்தன. இன்றும் அப்படித்தான். மகனைக் கொன்ற படையின் மேல் கோபம், மகனைக் கொண்டுபோனவர்கள் மேலும் கோபம். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் அம்மாவால் முடியாது. எங்களிடம் வந்த எல்லோருமே அந்த ஒன்றைத்தான் தெரிவு செய்யச் சொல்லிக் கேட்டார்கள்.

இறந்த போராளிகளின் குடும்பங்களைப் பார்ப்பதற்கு யுத்த காலத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கட ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருந்த மாமிக்கு இரண்டு பிள்ளைகள் மாவீரர். மாவீரர் குடும்பம் என்றால் ஊரில் ஒரு மதிப்பு. நிகழ்வுகளில் முன்வரிசை. மாதம் ஒரு உதவி. வேலி அடைக்கவோ வீடு மேயவோ ஆட்கள் வருவார்கள். நவம்பர் 27 அன்று துயிலும் இல்லத்தில் தன் பிள்ளைகளின் கல்லறைக்கு முன்னால் நின்று அழுவதற்கு மாமிக்கு ஒரு இடம் இருந்தது. 2009 மே மாதத்தோடு இதெல்லாம் ஒரே நாளில் முடிந்தது. முடிந்தது மட்டுமில்லை, எந்த அடையாளம் நேற்றுவரை மதிப்பைத் தந்ததோ அதுவே ஆபத்தாக மாறியது. வட்டுவாகலைக் கடப்பதற்கு முதல் மாமி இரண்டு பிள்ளைகளின் படங்களையும் ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி மண்ணுக்குள் தாட்டா. பிறகு போய்த் தேடினா. கிடைக்கவில்லை. துயிலும் இல்லங்களையும் இடித்துவிட்டார்கள். கோப்பாயில் இருந்த இடத்தில் 51 ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழும்பியது.

ஒரு தரப்பு தோற்றதும் அந்தத் தரப்பின் தாய்மாருக்கு இருந்த உதவியும் மதிப்பும் சேர்ந்து தோற்றுப் போயின. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததால் ஒன்று விழுந்தபோது மற்றதும் விழுந்தது.

*

மீள்குடியேறி ஒன்றரை வருடம் இருக்கும். அண்ணாவின் மரணத்தைப் பதியவேண்டி வந்தது. குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. எதற்குப் போனாலும் "இவர் எங்கே?" என்ற கேள்வி. 2010 கடைசியில் வந்த ஒரு தற்காலிகச் சட்டத்தின் கீழ், யுத்தத்தில் இல்லாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். அம்மாவோடு நானும் போனேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், படிவம் நிரப்புவது என் வேலை.

பெயர், பிறந்த திகதி, இறந்த இடம் எல்லாம் எழுதியாயிற்று. மரணத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழர்தான், நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அம்மா, ஷெல் எண்டு போடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் போடுகினம். இல்லாட்டி உங்களுக்குத்தான் கரைச்சல். நாளைக்கு நட்ட ஈடு ஏதும் குடுத்தாலும் கிடைக்காது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அரசாங்கத்தின் இழப்பீட்டுத் திட்டம் அப்போது பொதுமக்களின் மரணத்துக்குத்தான் இருந்தது. இறந்தவர் புலி உறுப்பினர் என்றால் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. இதை நான் என்பாட்டுக்குச் சொல்லவில்லை. அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2011 இல் தந்த அறிக்கையில் இந்த நடைமுறையைக் குறிப்பிட்டு, முன்னாள் புலி உறுப்பினர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் இழப்பீட்டுக்கு உரியவர்களாகக் கருதவேண்டும் என்று பரிந்துரைத்தது.

அம்மா கொஞ்சநேரம் யோசித்தா. பிறகு அவரிடம் சொன்னா: "தம்பி, என்ர பிள்ளை எங்கை செத்தவன் எண்டு கேட்டால் சொல்லுவன். எப்பிடிச் செத்தவன், ஆர் கொண்டு போனவை எண்டு கேட்டாலும் சொல்லுவன். கேக்காத ஒண்டை ஏன் நான் எழுத வேணும்?" படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டா. அந்தப் படிவம் இன்றும் எங்கட றங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக.

ஆறு மாதம் கழித்து அப்பா தனியப் போய் 'ஷெல்' என்று எழுதிச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. அப்பாவின் பக்கமும் நியாயம் இருந்தது. வீட்டுத்திட்டம், தங்கச்சியின் பள்ளிக்கூடம், தன் தொடையில் இன்னும் இருக்கிற துண்டு எல்லாவற்றையும் அவர்தான் யோசிக்கவேண்டி இருந்தது. நட்ட ஈட்டு விண்ணப்பமும் போட்டார். அது எங்கேயோ போய் நின்றுவிட்டது.

பிறகு 2016 இல் காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. காணாமற்போனவரின் குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபாய் என்று 2019 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவிடம், "நீங்களும் காணாமல் போனவர் எண்டு பதியுங்கோவன், ஆர் பாக்கப் போயினம்?" என்று கேட்டா. அம்மா சொன்ன பதில்: "அவன் காணாமல் போகேல்ல பிள்ளை. அவன் ஆனந்தபுரத்தில கிடக்கிறான்."

நட்ட ஈடு வேண்டுமென்றால் அண்ணா ஷெல் விழுந்து செத்த பொதுமகன். மாதக் கொடுப்பனவு வேண்டுமென்றால் அண்ணா காணாமற்போனவர். நவம்பர் வந்தால், பிரச்சாரப் பலகையில், அண்ணா வீரவேங்கை. பதினேழு வயதில் இழுத்துக்கொண்டு போகப்பட்டு, மூன்று மாதத்தில் செத்துப்போன, கணிதம் நல்லா வருகிற ஒரு பெடியனுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

*

மற்றப் பக்கத்தை நான் பல்கலைக்கழகத்தில்தான் கண்டேன். தென்பகுதியில் படித்தேன். விடுதி அறையில் என்னோடு இருந்த தோழி மதவாச்சிப் பக்கம். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. அவளுடைய தாத்தா ஒரு இராணுவச் சிப்பாய். 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தபோது அங்கே நின்றவர். உடல் வரவில்லை. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

அவளிடம் இருந்துதான் ரணவிரு குடும்பங்களுக்கான ஏற்பாடுகளைப் பற்றி விபரமாக அறிந்தேன். 1999 இல் சட்டம் போட்டு உருவாக்கிய ரணவிரு சேவை அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. யுத்தத்தில் இறந்த, ஊனமடைந்த படையினர், பொலிஸார் ஆகியோரின் குடும்ப நலன்தான் அதன் வேலை. இறந்தவரின் மனைவிக்கு, அவர் உயிரோடு இருந்திருந்தால் 55 வயதாகியிருக்கும் நாள்வரைக்கும், சம்பளம் என்று ஏற்பாடு இருந்தது. அதற்குப் பிறகு ஓய்வூதியம். வீடு கட்டுவதற்கு 'அப்பி வெனுவென் அப்பி', அதாவது 'நமக்காக நாம்' என்ற நிதியம். யுத்தம் முடிந்த பிறகு படையினரின் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை பிறந்தால் ஒரு இலட்சம் ரூபாய் என்றுகூட ஒரு வரவு செலவுத் திட்டத்தில் வந்தது.

இதையெல்லாம் கேட்டபோது எனக்குப் பொறாமை வந்தது உண்மை. ஆனால் ஒரு விடுமுறைக்கு அவளுடைய வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைப் பார்த்ததும் தோழியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டா, பிறகு எனக்கு ஒரு பெரிய கோப்பையில் தேத்தண்ணி தந்தா. வீடு பாதி பூசின சுவரோடு நின்றது. அந்தச் சுவரில் மூன்று மணிக்கூடுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அரசியல்வாதியின் முகம். மூன்றும் ஓடவில்லை. "ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் ஒண்டு வரும்," என்று தோழி சிரித்தாள். "தாத்தாவின்ர படத்துக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுத்திட்டு, மணிக்கூட்டைத் தந்திட்டுப் போவினம். பூசுறதுக்கு சீமெந்து கேட்டால் அடுத்த எலெக்ஷனுக்கு வருவினம்."

அங்கேயும் சண்டை இருந்தது. சம்பளம் மனைவிக்கு வந்தது. பெற்ற தாய்க்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் கோபத்தில் அப்பம்மா பல வருடம் மருமகளோடு கதைக்காமல் இருந்தாவாம். ஊரும் சும்மா விடவில்லை. ரணவிருவின் மனைவி என்றால் என்ன உடுப்புப் போடலாம், யாரோடு கதைக்கலாம் என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. "அம்மாவுக்கு அப்ப இருபத்தாறு வயசு," என்றாள் தோழி. வேறொன்றும் சொல்லவில்லை.

விடுதிக்குத் திரும்பி வந்த கிழமை, பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தை அவளுடைய மடிக்கணினியில் பார்த்தோம். 1997 இல் எடுத்த படம். ஒரு வறண்ட கிராமத்தில் கண் தெரியாத ஒரு தகப்பன். சிப்பாயான மகனின் உடல் என்று சீல் வைத்த ஒரு பெட்டி வருகிறது. மகன் செத்துவிட்டான் என்பதை அவர் நம்பவில்லை. நட்ட ஈட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் ஒரு இலட்சம் ரூபாய் வரும், பாதியில் நிற்கிற வீட்டைக் கட்டலாம், மகளைக் கட்டிக் கொடுக்கலாம். எல்லோரும் கெஞ்சுகிறார்கள். அவர் போடமாட்டார். கடைசியில் பெட்டியைத் தோண்டுகிறார். உள்ளே மகன் இல்லை. அந்தத் தகப்பனாக நடித்த ஜோ அபேவிக்ரம கையெழுத்துப் போடாமல் சும்மா இருக்கிற காட்சிகளில் எனக்கு அம்மாதான் தெரிந்தா. தோழி படம் முடிந்ததும் வெளியே போய் நீண்டநேரம் நின்றாள். இந்தப் படத்தை 2000 இல் அரசாங்கம் திரையிடாமல் தடுத்தது. அவளுடைய தாத்தா ஆனையிறவில் இல்லாமல் போன அதே வருடம். பிறகு உயர் நீதிமன்றம் போய்த்தான் படம் வெளியே வந்தது.

வீரர்களை இவ்வளவு கொண்டாடுகிற அரசு, அவர்களைப் பற்றிய ஒரு உண்மையான கேள்விக்கு இவ்வளவு பயந்திருக்கிறது. 2016 நவம்பரில் ஊனமடைந்த முன்னாள் படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் போராடினார்கள். பன்னிரண்டு வருடச் சேவை முடிக்க முதல் காலையோ கையையோ இழந்து வெளியேறியவர்கள். பொலிஸார் அவர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சிக் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். தேர்தல் மேடையில் ரணவிரு, தெருவில் இறங்கினால் குழப்பக்காரர். காணாமற்போனவர்கள் பற்றி 2013 இல் நியமித்த ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகளில் 5,000 அளவில் படையினரின் குடும்பங்கள் கொடுத்தவை என்பதையும் எங்கட பக்கத்தில் பலர் அறிந்திருக்கமாட்டோம்.

இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றில்லை. தோழியின் அம்மாவுக்கு மாதம் முடிய ஒரு தொகை வந்தது. தன் புருஷனின் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடிந்தது. பத்தரமுல்லையில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள நினைவுச் சுவரில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். என் அம்மாவுக்கு இந்த மூன்றும் இல்லை. அது பெரிய வித்தியாசம், அதை அழித்துவிட்டு நல்லிணக்கம் பேச ஏலாது. நான் சொல்வது வேறு. இரண்டு அம்மாமாரிடமும் ஒரே விலையைத்தான் கேட்டார்கள். உதவி வேண்டுமா, எங்கட கதையில் உனக்குத் தந்த பாத்திரத்தை நடி.

*

எங்கட ஆட்களையும் விடமுடியாது. 2015 இல் ஆட்சி மாறியது. 2016 நவம்பரில் கனகபுரம் துயிலும் இல்லத்தில் யுத்தத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பெருந்திரளாக விளக்கேற்றினார்கள். அம்மாவும் போனா. கல்லறை இல்லாத பிள்ளைக்கு ஒரு தீபம் ஏற்றி வாய்விட்டு அழுதா. ஏழு வருடம் அடக்கி வைத்த அழுகை. அந்த உரிமைக்காகப் போராடின ஒவ்வொருவருக்கும் எங்கட வீடு நன்றிக்கடன் பட்டது.

ஆனால் அதற்குப் பிறகு மாவீரர் பெற்றோர் மதிப்பளிப்பு என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு இடத்தில் கூப்பிடுவார்கள். மாலை போட்டு, ஒரு தென்னங்கன்றோ மாங்கன்றோ கொடுத்து, படம் எடுத்து விடுவார்கள். அம்மாவிடம் இப்படி ஐந்து கன்று சேர்ந்தது. இரண்டு தப்பியது. கோடையில் மற்ற மூன்றுக்கும் ஊற்றக் கிணற்றில் தண்ணி காணவில்லை. தேர்தல் வருகிற வருடம் என்றால் கன்று கொடுக்கிற கைகள் கூடும். அண்ணா எப்படி இயக்கத்துக்குப் போனவர் என்று அந்த மேடைகளில் ஒருவரும் கேட்டதில்லை. அம்மா அதைச் சொல்லக்கூடிய ஆள் என்பது தெரிந்த பிறகு மைக்கை அவவிடம் கொடுப்பதுமில்லை.

2018 இல் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் வந்தது. அதே காலத்தில் முன்னாள் போராளிகளுக்கும் இழப்பீடு என்ற பேச்சு அமைச்சரவை மட்டத்தில் எழுந்தபோது, புலிகளுக்குக் காசா என்று தெற்கில் சத்தம் வந்தது. 2019 நவம்பர் தேர்தலில் மறுபடியும் ரணவிரு மேடைக்கு வந்தார். 2024 செப்டெம்பர் தேர்தலில்தான் முதல் தடவையாக யுத்த வெற்றி பெரிதாக விலைபோகவில்லை. அரிசி விலையும் பெற்றோல் வரிசையும் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. 2010 இல் 41 இலட்சத்துக்கு மேல் வாக்கு எடுத்த அதே சரத் பொன்சேகா 2024 இலும் நின்றார். கிடைத்தது 22,000 சொச்சம். எங்கட பக்கத்தில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 226,343. அடுத்த நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே தேசிய மக்கள் சக்தி ஆறில் மூன்று ஆசனம் எடுத்தது.

வெற்றிக் கதைக்கும் வீரக் கதைக்கும் சந்தை குறைந்திருக்கிற இந்த நேரத்தில்தான், அந்தக் கதைகளுக்குள் அடைபட்ட குடும்பங்களை வெளியே எடுக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் செய்யவேண்டியது, நினைவையும் உதவியையும் கட்டி வைத்திருக்கிற கயிற்றை அவிழ்ப்பது.

நினைவு மக்களுடையது. யாரை எப்படி நினைப்பது என்று அரசு சொல்லத் தேவையில்லை. நினைவிடங்களை இடிக்காமல், இடித்த காணிகளைத் திருப்பிக் கொடுத்து, விளக்கேற்றுகிறவர்களைப் படம் பிடித்துப் பயமுறுத்தாமல் ஒதுங்கி நின்றால் போதும். உதவி அரசுடையது. அது ஒரு வீட்டில் என்ன இல்லாமல் போனது, இப்போது என்ன தேவை என்பதை மட்டும் பார்த்துக் கொடுக்கவேண்டியது. செத்தவன் எந்த உடுப்புப் போட்டிருந்தான் என்று பார்த்து இல்லை. உழைக்கிற பிள்ளையை இழந்த அறுபது வயதுத் தாய்க்கு மாதம் ஒரு தொகை. காலில்லாதவருக்குப் பொய்க்கால், அது தேய்ந்தால் இன்னொன்று. மரணச் சான்றிதழில் பொய் எழுதவேண்டிய தேவை இல்லாத ஒரு கட்டம். இதில் ஒன்றுகூட யாருடைய வெற்றியையும் குறைக்காது, யாருடைய தியாகத்தையும் சிறுமைப்படுத்தாது.

"அதுக்குக் காசு எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. யுத்தம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் வருடா வருடம் வரவு செலவுத் திட்டத்தில் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்று பாதுகாப்புக்குத்தான் போகிறது. அதற்குள் பார்த்தால் தெரியும். "அப்ப குற்றம் செய்தவனுக்கும் காசோ?" என்றும் கேட்பார்கள். குற்றத்தை விசாரிக்கத்தான் நாங்களும் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்கிறோம். இரண்டு தரப்பின் குற்றத்தையும் விசாரியுங்கள். ஆனால் அந்த விசாரணையில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தாய்க்கு என்ன வேலை?

இனி வரும் தேர்தல்களில் உங்கட வீட்டுப் படலைக்கும் யாராவது வருவார்கள். கன்றோடோ மணிக்கூட்டோடோ வரலாம். கட்சியைப் பார்க்காமல் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இறந்தவனின் குடும்பத்துக்கு உதவ, அவன் எங்கட ஆளா மற்ற ஆளா என்று உங்களுக்குத் தெரியவேண்டுமா? தெரியவேண்டும் என்று சொல்கிறவரின் மேடையில் நாளைக்கு எங்கட அம்மாவை ஏற்றமாட்டோம் என்று சொல்லுங்கள்.

தோழியின் வீட்டில் கேட்ட அந்த ஏற்பாட்டை நான் அடிக்கடி யோசிப்பேன். உயிரோடு இருந்திருந்தால் 55 வயதாகும் நாள்வரைக்கும் சம்பளம். அதை யார் எழுதினார்களோ தெரியாது, ஆனால் அதற்குள் ஒரு நல்ல மனம் இருக்கிறது. செத்தவனுக்கு வாழ்வதற்கு இன்னும் வருடங்கள் இருந்தன, அந்த வருடங்களில் அவன் உழைத்து அம்மாவுக்கு ஏதோ கொண்டுவந்து கொடுத்திருப்பான் என்று ஒரு அரசு ஒத்துக்கொள்கிறது. அந்த ஒத்துக்கொள்ளலைத்தான் நாங்களும் கேட்கிறோம். அண்ணாவுக்கு 2046 இல் 55 வயது வந்திருக்கும்.